வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு: திரும்பி வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியில் ஐந்தரை வருஷம் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்துவிட்டு, 2011-இல் தென்மாவட்டத்து மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவள் நான். பாடம் உயிர்வேதியியல். அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது ஃபோன் செய்கிறார்கள், கொரியாவிலிருந்து, ஸ்வீடனிலிருந்து, ஹூஸ்டனிலிருந்து. "மேடம், வந்துடலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து "ஃப்ரீசருக்கு யூபிஎஸ் யார் வாங்கித் தருவாங்க?" என்று முடிப்பார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ அரசு உதவி பெறும் கல்லூரிக்கோ வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பழக எவ்வளவு நாள் ஆகும்?

முதல் ஆறு மாதம் ஒரு குறையும் தெரியாது. வீட்டுச் சாப்பாடு இருக்கும், சொந்தக்காரர்கள் வருவார்கள் போவார்கள், எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் "ஃபாரின்ல இருந்து வந்திருக்காங்க" என்று சொல்லிச் சால்வை போர்த்துவார்கள். இரண்டாம் வருஷம்தான் இடிக்கும். புதுப்பெண்ணுக்குக் கிடைக்கிற சலுகை அதற்குள் தீர்ந்திருக்கும், டைம்டேபிளில் முழுப் பங்கும் தலையில் விழுந்திருக்கும். அங்கே செய்த வேலையில் வரவேண்டிய கடைசிக் கட்டுரை வந்து முடிந்திருக்கும். இங்கே செய்யும் வேலையில் முதல் கட்டுரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்காது. ராஜினாமாக் கடிதம் எழுதி லேப்டாப்பில் சேமித்துவைத்த மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவரும் அதை எழுதியது இந்தக் கட்டத்தில்தான். அதில் ஒருத்தி நான்.

அங்கே நாளுக்குப் பத்து மணி நேரம் ஆராய்ச்சி செய்தேன். இங்கே வாரத்துக்குப் பத்து மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. இந்த நாடே இப்படித்தானா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். நீங்கள் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அங்கே நீங்கள் போஸ்ட்டாக். ஒரே வேலை, ஒரே பிரச்சினை, மேலே ஒரு முதலாளி. வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது, கமிட்டி கிடையாது. இங்கே நீங்கள் ஆசிரியர். நாடு மாறியதோடு உத்தியோகமும் மாறிவிட்டது. ஆனால் குறை முழுவதையும் நாட்டின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

உங்கள் இப்போதைய வாழ்க்கையை அங்கிருந்த உங்கள் பேராசிரியரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தரை வருஷத்தில் என் ஜெர்மன் பேராசிரியர் கையில் பிப்பெட் பிடித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் ஆண்டு அறிக்கைக்காக ஃபோட்டோ எடுக்க வந்தபோது. மனிதர் இரவு பதினொரு மணிக்கு நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார், காலையில் தேர்வுக் குழுவுக்கு ஓடுவார். அவர் முனகியதும் இன்று நான் முனகுவதும் முக்கால்வாசி ஒன்றுதான்.

மீதிக் கால்வாசி நம் ஊர்ச் சரக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மொத்த வேலை வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 நாள், பாடம் நடக்க வேண்டும். 16 மணி நேரம் என்று காகிதத்தில் படிக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். அதோடு பாடத் தயாரிப்பு, பிராக்டிகல் ரெக்கார்டில் கையெழுத்து, இன்டர்னல் மார்க், இன்விஜிலேஷன், விடைத்தாள் திருத்தும் முகாம், பாடத்திட்டக் குழு, அட்மிஷன், நாக் தர மதிப்பீட்டுக் கோப்பு, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கான தரவு எல்லாம் வந்து சேரும். புதிதாக வந்தவர், ஆங்கிலம் நன்றாக எழுதுவார், கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வாங்கிவிட்டால் போச்சு. நாக் அறிக்கை முழுவதும் உங்கள் தலையில் வந்து விழும்.

நான் கண்ட வழி ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு முழு நாளையும் இன்னொரு அரை நாளையும் டைம்டேபிள் போடும்போதே ஒதுக்கிக்கொண்டேன். டைம்டேபிள் போடுகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு, ஜூன் மாதத்திலேயே போய்க் கேட்டேன். ஜூலையில் கேட்டால் கிடைக்காது.

என் வெளிநாட்டுப் பிஎச்.டி. செல்லுமா? நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா?

அதே 2018 விதிமுறையில் ஒரு வழி இருக்கிறது. கியூஎஸ், டைம்ஸ் உயர்கல்வி, ஷாங்காய் ஆகிய மூன்று உலகத் தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில், எப்போதாவது, முதல் 500-க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. என்றால், உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் தேவையில்லை. "எப்போதாவது" என்பதைக் கவனியுங்கள். இந்த வருஷம் உங்கள் பல்கலைக்கழகம் 530-ஆவது இடத்துக்கு இறங்கியிருந்தாலும், பழைய வருஷத்துப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த விதி தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணை என்று சொல்லும் சமநிலைச் சான்றை முன்பெல்லாம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயு, கொடுத்துவந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கெனத் தனி விதிமுறை அறிவித்து, இணையவழி விண்ணப்பத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எந்த வழியில் போனாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் அங்கேயே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் பிற நாட்டிலும் செல்லும்படி அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கிவிடுங்கள். வந்த பிறகு தபாலில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தவர் ஒருவர் ஏழு மாதம் காத்திருந்தார்.

அனுபவச் சான்று தனிக்கதை. முன்பு வேறு இடத்தில், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ, உதவிப் பேராசிரியராகவோ அதற்கு இணையான பதவியிலோ முறையாகப் பார்த்த பணியை நேரடி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் அதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். என் பேராசிரியர் அன்பொழுக இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தார். செக்‌ஷனில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரவுண்ட் சீல் இல்லையேம்மா" என்றார்கள். பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் தனித்தனி வரியில் இருக்க வேண்டும் என்றார்கள். மறுபடி எழுதிக் கேட்டேன். ஜெர்மானியர்களிடம் ரவுண்ட் சீல் இருக்கிறது, துறைச் செயலரின் மேசை இழுப்பறையில். ஏனோ அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பி வருவோருக்கான ஃபெல்லோஷிப்பில் வருவது நல்லதா?

நல்லதுதான், ஆனால் அது வேலை இல்லை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப், ராமானுஜன் ஃபெல்லோஷிப், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபேக்கல்டி மூன்றும் ஐந்தாண்டுக் கணக்கில் வருபவை. வகுப்புச் சுமை குறைவு, கையில் ஆய்வுப் பணமும் உண்டு. ஆனால் ஐந்தாண்டு முடிந்ததும் உங்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் கட்டாயம் அந்த நிறுவனத்துக்குக் கிடையாது. "பாத்துக்கலாம், வாங்க" என்பது வாக்குறுதி ஆகாது. அந்தத் துறையில் அனுமதிக்கப்பட்ட காலியிடம் எத்தனை, எந்த இனச்சுழற்சியில் வருகிறது, கடைசியாக எப்போது விளம்பரம் வந்தது என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கியவர்களை நான்காம் வருஷத்தில் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

ரசாயனமும் கருவியும் வாங்குவது உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். அதைவிட, அதன் தாளம் வேறு. அங்கே காலையில் இணையத்தில் ஆர்டர் செய்த என்சைம் மறுநாள் ஐஸ் பெட்டியில் வந்து நிற்கும். இங்கே இன்டென்ட், மூன்று கொட்டேஷன், கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட், கொள்முதல் குழு, நிதி அலுவலர், அப்புறம்தான் பர்ச்சேஸ் ஆர்டர். பொருள் வந்ததும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, பக்க எண்ணைப் பில்லின் பின்னால் எழுதாவிட்டால் பணம் போகாது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருளென்றால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை கணக்கு வையுங்கள்.

மத்திய அரசுப் பணத்தில் வாங்கினால், ஜெம் என்கிற அரசு மின்சந்தையில் கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்க வேண்டும் என்பது பொதுவிதி. நாற்காலிக்கும் ஏசிக்கும் அது சரி. மனித செல்லில் ஒரே ஒரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு அது எப்படிப் பொருந்தும்? 2025 ஜூனில் நிதி அமைச்சகம் கொஞ்சம் இளக்கியது. அறிவியல் ஆய்வுக்கான பொருள்களை ஜெம்முக்கு வெளியே வாங்க நிறுவனத் தலைவரே அனுமதிக்கலாம். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. அந்த உத்தரவின் நகல் ஒன்றை உங்கள் பையில் வைத்திருங்கள். உங்கள் நிதிப்பிரிவுக்கு அது வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

அரசு சில நேரம் நம்மை மறந்தே போய்விடும். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான அடிப்படை இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாகப் போனது. எச்சரிக்கை இல்லை, விளக்கம் இல்லை. நாடு முழுவதும் ஆய்வகங்கள் கூச்சல் போட்டன. சில நாட்களிலேயே ஆய்வகப் பயன்பாட்டுக்கு நிபந்தனையோடு பழைய 10 சதவீதத்துக்கே கொண்டுவந்தார்கள். அந்தச் சில நாட்களில் எனக்கு வந்த கொட்டேஷன் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட.

மார்ச் 31 என்ற தேதியை வீட்டுக் காலண்டரிலும் குறித்துவையுங்கள். ப்ராஜெக்ட் பணம் ஏப்ரலில் வரும் என்று விண்ணப்பத்தில் இருக்கும். டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்து சேரும், மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்கு முடிக்கச் சொல்வார்கள். பயன்பாட்டுச் சான்று, எங்கள் பாஷையில் யூசி, நிதி அலுவலர் கையெழுத்தோடு போகாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் ப்ராஜெக்டில் இருக்கும் பையனுக்குச் சம்பளம் இல்லை. இதெல்லாம் புரிவதற்குள் எனக்கு ஒரு ப்ராஜெக்டே முடிந்துவிட்டது. நீங்கள் அக்டோபரிலேயே கொட்டேஷன் வாங்கி, கோப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, பணம் வந்த அன்றைக்கே நகர்த்துங்கள்.

ஃப்ரீசர் விஷயத்துக்கு வருகிறேன். 2013 பொங்கல் விடுமுறையில் எங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நின்றுபோனது. மின்சாரம் போனது எத்தனை மணி நேரமென்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டர் கட்டடத்துக்கு உண்டு, எங்கள் தளத்துக்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த மாதிரிகள் அத்தனையும் கஞ்சியாகிவிட்டன. மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. அதனால் யூபிஎஸ்ஸுக்கும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், வெப்பநிலை ஏறினால் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் கருவிக்கும் விண்ணப்பத்திலேயே பணம் கேளுங்கள். கருவிக்குப் பணம் தருவார்கள், அதைக் காப்பாற்றப் பணம் கேட்க நாம்தான் மறந்துவிடுவோம். உங்கள் உயிருக்குச் சமமான மாதிரிகளில் பாதியை வேறு கட்டடத்தில், வேறு துறையின் ஃப்ரீசரில் வையுங்கள்.

அங்கே செய்த ஆராய்ச்சியையே இங்கே தொடரலாமா?

முதல் இரண்டு வருஷம் நான் அதைத்தான் செய்தேன். ஒற்றை மூலக்கூறு ஒளிர்வு அளவீடு, அதாவது ஒரு தனி மூலக்கூறு உமிழும் ஒளியை அளப்பது. அதற்கான நுண்ணோக்கி ஒன்றரைக் கோடி ரூபாய். இல்லாத கருவிக்கு விண்ணப்பம் எழுதியே வருஷம் போனது. அந்த ஃப்ரீசர் நின்ற பிறகுதான் புத்தி வந்தது.

புரதங்களின் அமைப்பை ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரனை நாங்கள் பாடத்தில் நடத்துகிறோம், ஆனால் அவர் கதையில் நமக்கு வேண்டிய பகுதியைச் சொல்வதில்லை. 1949-இல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்துப் பெங்களூருக்குத் திரும்பியவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். முப்பது வயதுகூட நிறைந்திருந்ததோ இல்லையோ. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜே.டி. பெர்னால் கொலாஜன் என்கிற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் தோலின் முக்கியப் புரதம். அதே ஊரில், அடையாற்றில், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. மாதிரிக்கு ஆளனுப்பினால் போதும். 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து மூன்று இழை முறுக்கு அமைப்பை வெளியிட்டார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு வெளியிட்ட வரைபடம்தான் இன்று உலகம் முழுவதும் புரதம் படிக்கும் ஒவ்வொருவரும் பார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம். அதற்கு வேண்டியிருந்தது கணக்கும் மாடல் கட்டிப் பார்ப்பதும், கேம்பிரிட்ஜின் கருவி அல்ல.

அவர் மேதை, நாம் அப்படியில்லை என்பது வேறு விஷயம். அங்கே 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் போன்ற ஒருவர் பின்னால் நின்றதும் வேறு விஷயம். பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நாற்காலியே காலியாகக் கிடந்த காலத்தைப் பார்த்த நமக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் பக்கத்து வளாகத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துக் கேள்வியைத் தேர்ந்தெடுக்க யாருடைய தயவும் வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது பனைமரம். எங்கள் பக்கம் பதநீர் இறக்குகிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். இடையில் சர்க்கரையை உடைக்கும் என்சைம்கள் என்ன செய்கின்றன, சுண்ணாம்பின் காரத்தன்மை எதை எப்போது நிறுத்துகிறது என்பது எங்கள் கேள்வி. மாதிரிக்குச் செலவில்லை. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒன்று போதும், அது எல்லாத் துறையிலும் இருக்கும். ஒரே சங்கடம், தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவாத மாதிரியை ஸ்கூட்டரில் கொண்டுவரும் ஆய்வு மாணவன் கையில் எப்போதும் துறைத்தலைவரின் கடிதம் இருக்கும். இரண்டு முறை அது உதவியிருக்கிறது.

மானுடவியல், வரலாறு, இலக்கியம் படித்தவர்களுக்கு?

உங்களுக்கு ஃப்ரீசர் கவலை இல்லை. அதுமட்டுமல்ல, தமிழகத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர் என்றால் நீங்கள்தான் இப்போது மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், மூன்றுக்கும் அங்கிருந்தபோது விடுமுறையில் ஓடிவந்து ஓடிப்போனீர்கள். இனி வாரம் ஒரு நாள் போகலாம். புதிய அயல்நாட்டு நூல்கள் கைக்கு வருவதுதான் தாமதம்.

பத்திரிகைகள் கிடைக்குமா?

முன்னைக்கு இப்போது பரவாயில்லை. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பேராசிரியரிடம் பிடிஎஃப் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிய காலம் போய்விட்டது. அந்தச் சாக்கில் அவரோடு நடந்த பேச்சும் சேர்ந்து போய்விட்டது என்பது எனக்குச் சின்ன வருத்தம்.

வகுப்பில் யாருமே பேச மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

என் தப்பைச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் நாற்பது பக்கக் கட்டுரையைக் கொடுத்து, "படித்துவிட்டு வாருங்கள், விவாதிப்போம்" என்றேன். அங்கே அப்படித்தான் நடத்தினார்கள். அடுத்த வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். "டவுட் இருக்கா?" "இல்ல மேடம்." மூன்று வாரம் இப்படியே போனது. சோம்பேறிகள் என்று முடிவு கட்டி, ஸ்டாஃப் ரூமில் சொல்லியும் விட்டேன்.

ஒரு நாள் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு கேள்வி எழுதச் சொன்னேன். ஒன்பது சீட்டில் ஒரே கேள்வி: "பஃபர்னா என்ன மேடம்?" அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் தன் அமிலத்தன்மையை அதிகம் மாறவிடாத கரைசல்தான் பஃபர். மூன்று வாரமாக நான் அந்தச் சொல்லை நிமிஷத்துக்கு ஒரு முறை உச்சரித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள், பலர் வீட்டில் முதல் பட்டதாரி. சொல் தெரியாது என்று முப்பது பேர் முன்னால் எழுந்து சொல்ல அவர்களுக்கு என்ன தேவை வந்தது? அன்றிலிருந்து புதிய கருத்தைத் தமிழில் விளக்கி, ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் சொல்கிறேன். பஃபருக்கு ரசத்தை உதாரணம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ரத்தத்தைச் சொன்னேன், புரிந்துகொண்டார்கள். சீட்டு வழக்கம் இன்னும் இருக்கிறது.

கட்டுரை வாசிப்பை விட்டுவிடவில்லை. நாற்பது பக்கத்துக்குப் பதில் ஒரே ஒரு படமும் அதன் கீழுள்ள குறிப்பும்.

ஆய்வு மாணவர்கள் "என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம்" என்று நிற்கிறார்கள். தானாக யோசிக்க வைப்பது எப்படி?

நீங்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்பவனிடம் முதல் நாளே "என் கருத்தை மறுத்துப் பேசு" என்றால் நடக்காது. நான் செய்தது இதுதான். வாரக் கூட்டத்தில் என் தரவையே, என் பழைய தப்பையே வைத்து, "இதில் எங்கே கோளாறு?" என்று கேட்டேன். மேடத்தின் தப்பைக் கண்டுபிடிப்பது அனுமதிக்கப்பட்ட விளையாட்டு ஆனதும் வாய் திறந்தார்கள். இப்போது சில நேரம் மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதி தெரிந்திருக்கட்டும். 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி ஒரே நேரத்தில் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், பேராசிரியர் 8 பேருக்கும் வழிகாட்டலாம். 4 இடத்தையும் முதல் வருஷமே நிரப்பிவிடாதீர்கள். ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை உள்ளவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. எந்த உதவித்தொகையும் இல்லாமல் சேர்ந்தவர் சனி, ஞாயிறு டியூஷன் எடுத்துத்தான் விடுதிக் கட்டணம் கட்டுகிறார். இருவரிடமும் ஒரே வேகத்தை எதிர்பார்த்து நான் ஒரு பெண்ணை அழ வைத்திருக்கிறேன்.

சக ஆசிரியர்களோடு எப்படி?

"அங்கெல்லாம் இப்படி இல்லை" என்ற வாக்கியத்தை முதல் வருஷம் வாயிலிருந்து வெளியே விடாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும். அங்கே எழுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய நாக்கு, இங்கே நாலு வயது மூத்தவரையும் சார் என்று சொல்லிப் பழக வேண்டும். அது அடிமைத்தனம் என்று வாதாடிய ஒருவரைத் தெரியும். அவர் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் உங்களுக்குப் பெரிய ஆசான் யாரென்றால் பெரும்பாலும் துறையின் மூத்த அட்டெண்டராக இருப்பார். எந்தக் கோப்பு எந்த செக்‌ஷனில் எத்தனை நாள் தங்கும், எந்த சூப்பிரண்டென்ட் காலையில் கையெழுத்துப் போடுவார், யார் மதியத்துக்கு மேல்தான் வருவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் அண்ணன் ஒருவர் இருந்தார், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். "மேடம், ஃபைல்ல டேக் போடாம அனுப்பாதீங்க, நடுப்பக்கம் காணாமப் போகும்" என்று முதல் வாரமே சொன்னவர். எந்தப் புத்தாக்கப் பயிற்சியிலும் இதைச் சொல்லித்தரவில்லை.

வெளிநாட்டில் செய்த வேலையின் கட்டுரைகள் இங்கே எவ்வளவு உதவும்?

நினைப்பதைவிடக் குறைவாக. 2018 விதிமுறையின் மதிப்பெண் கணக்கில் அறிவியல் கட்டுரைக்கு 8, மொழி, கலை, சமூக அறிவியல் கட்டுரைக்கு 10 அடிப்படைப் புள்ளி. இருவர் எழுதியது என்றால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (கட்டுரைக்குப் பொறுப்பேற்று இதழோடு தொடர்புகொள்பவர்) 70, மற்றவர்களுக்கு 30 சதவீதம். பெரிய இதழில் பதினான்கு பேரில் ஒன்பதாவதாக உங்கள் பெயர் இருந்தால், அதைக் கூட்டுத்தாளில் பார்க்கும்போது மனசு உடைந்துபோகும். தொடர்பு ஆசிரியராக ஒரு கட்டுரையாவது அங்கிருக்கும்போதே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கும் எழுத்து வேலையை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். இங்கே வந்து முடிக்கலாம் என்று வைத்தது முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

சம்பளம், வரி?

உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. நகரமல்லாத ஊரில் தாராளமாக வாழலாம். கடைசி பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வரிக்கணக்கில் இந்தியாவில் வசிக்காதவராக இருந்திருந்தால், அல்லது கடைசி ஏழு வருஷத்தில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இருந்திருக்காவிட்டால், திரும்பிய பிறகு கொஞ்ச காலம் 'சாதாரணமாக வசிக்காத குடியிருப்பாளர்' நிலை கிடைக்கும். அப்போது பொதுவாக வெளிநாட்டில் வரும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கை மாற்ற வேண்டும், அப்படியே வைத்திருக்கக் கூடாது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

குடும்பம்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, கடைசியில்தான் கேட்கிறார்கள். பாதிப் பேர் திரும்பி வருவதே அப்பா அம்மாவுக்காக. வந்த பிறகு அவர்களைப் பார்த்துக்கொள்வதில் போகும் நாட்களை ஆராய்ச்சித் திட்டத்தில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் அப்பாவுக்கு டயாலிசிஸ் வாரம் இரண்டு முறை. நான் ஒதுக்கி வைத்திருந்த அந்த முழு நாள் இரண்டு வருஷம் மருத்துவமனை வராந்தாவில் போனது. அங்கே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். வந்தது தப்பா என்று கேட்டால், அதற்காகத்தானே வந்தேன்.

கணவன் மனைவி இருவரும் ஆய்வாளர்கள் என்றால் ஒரே ஊரில் இரண்டு வேலை அமைவது அபூர்வம். எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது. அதுவரை அவர் பெங்களூர், நான் இங்கே, நடுவில் மைசூர் எக்ஸ்பிரஸ். யார் வேலையை விடுவது என்ற பேச்சு வரும்போது விடுவது பெரும்பாலும் பெண்தான். அந்த இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஆய்வுக்கு வரும் பெண்களுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் போன்ற திட்டங்கள் இருக்கின்றன. இருந்தாலும் முடிந்தவரை அந்த இடைவெளியே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். ஐந்து வயதில் வந்த என் மகன் இரண்டு மாதம் பள்ளிக்கூட வாசலில் அழுதான். மூன்றாம் மாதம் "நாளைக்கு லீவா?" என்று வருத்தத்தோடு கேட்டான். தமிழ் எழுத்துத்தான் இழுத்தது. ழகரத்தை இன்றும் தலைகீழாகத்தான் சுழிக்கிறான்.

மறுபடி போய்விடலாம் என்று தோன்றினால்?

தோன்றும். வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பணியுரிமையைக் காத்துக்கொண்டு விடுப்பில் போக வழி இருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். குறுகிய கால ஆய்வுப் பயணங்களுக்கும் திட்டங்கள் உண்டு. நான் 2016 கோடையில் மூன்று மாதம் அதே ஜெர்மன் ஆய்வகத்துக்குப் போனேன். என் பழைய மேசையில் போர்ச்சுகல்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வேலை ஓடியது, எல்லாம் நேரத்துக்குக் கிடைத்தது, ஆர்டர் செய்த என்சைம் மறுநாளே வந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஊரில் இருந்த மாணவனுக்கு வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டிருந்தேன், நேற்று ராத்திரி கரண்ட் போச்சா, ஃப்ரீசர் எத்தனை காட்டுது என்று. அவன் பதில் எழுத மாட்டான். ஃப்ரீசரின் வெப்பநிலைக் காட்டியைப் படம் பிடித்து அனுப்புவான். மைனஸ் 78.